பற்றரி நான்கு மணி நேரம். அறை தாங்குவது எத்தனை நிமிடம்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அதோடு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றை மீண்டும் முழுமையாக இயக்க நாட்கள் பிடித்ததால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு. 900 மெகாவாற்று திறன் கொண்ட அந்த நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தூரத்திலுள்ள கிராமங்களிலும் விளக்கு எரியவில்லை. விளக்கின் கீழ்தான் இருட்டு என்பது எங்கள் கரைக்கு நன்றாகவே பொருந்தும்.

உடப்பு முதல் கற்பிட்டி வரை யூபிஎஸ், இன்வேட்டர் திருத்துவது என் தொழில். அந்த நாட்களில் எனக்கு வந்த அழைப்புகள் பலவும் ஒரே மாதிரியானவை. "தம்பி, யூபிஎஸ்ஸில சார்ஜ் இன்னும் கிடக்கு. ஆனா சேர்வர் தானா நிண்டுட்டுது." பற்றரி பழுதென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பற்றரியில் குறை இல்லை. அறை சூடேறி, சேர்வர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே அணைந்திருந்தது. சில இடங்களில் அணைவதற்கு முன்பே வன்தட்டு போய்விட்டது.

இது வெறும் இயந்திரச் சேதம் என்று கடந்துபோக முடியாது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் கரைக்குத்தான். அவர்கள் கையில் எடுத்துவர முடிந்தது மிகக் கொஞ்சம். வன்னியிலும் மன்னாரிலும் வீட்டோடு காணி உறுதியையும் இழந்த தமிழ்க் குடும்பங்களின் கதையும் வேறல்ல. எங்கோ ஒரு அலுமாரியில் தப்பிக் கிடந்த உறுதிப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பழைய பங்கீட்டு அட்டை என்று தேடிச் சேர்த்து, ஸ்கேன் செய்து வைத்திருக்கும் சிறிய அலுவலகங்கள் இப்பக்கம் இருக்கின்றன. அந்தக் கோப்புகள் எல்லாம் ஏதோ ஒரு அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே, ஏதோ ஒரு சேர்வருக்குள் இருக்கின்றன. அந்த அறைக்கு ஏசி போட்டவர் எப்படிக் கணக்குப் பார்த்தார் என்பது ஒரு குடும்பத்தின் காணி வழக்கையே தீர்மானிக்கக்கூடும்.

கணக்கு கடினமானது அல்ல. ஆண்டு ஒன்பது படிக்கும் பிள்ளை போடக்கூடிய கூட்டலும் பெருக்கலும்தான்.

முதலில் ஒரு அடிப்படை. நீர்ப்பம்பி ஒரு கிலோவாற்று இழுத்தால், அதில் ஒரு பகுதி தண்ணீரை மேலே தூக்குகிறது. சேர்வர் எதையும் தூக்குவதில்லை, நகர்த்துவதுமில்லை. அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் சூடாக மாறி அந்த அறைக்குள்ளேயே விழுகிறது. 500 வாற்று இழுக்கும் சேர்வர், சூட்டைப் பொறுத்தவரை 500 வாற்று அடுப்புத்தான். யூபிஎஸ் கொஞ்சம் வேறு விதம். அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சேர்வருக்குக் கடத்திவிட்டு, ஒரு பங்கைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. எத்தனை பங்கு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இதே கணக்கின் பெரிய வடிவம் நுரைச்சோலையிலேயே நடக்கிறது. 300 மெகாவாற்று இயந்திரம் ஒன்றின் வினைத்திறன் 38 சதவீதம் என்று வைத்தால், அதற்கு ஏறத்தாழ 790 மெகாவாற்று நிலக்கரி வெப்பம் வேண்டும். மிச்சம் 490 மெகாவாற்று எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகிறது. பெரும்பகுதியைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போகிறது. அந்த நிலையத்தைக் கடற்கரையில் கட்டியதற்கு நிலக்கரிக் கப்பலைப் போலவே இந்தச் சூடும் ஒரு காரணம். எங்கள் சிறிய அறைக்குக் கடல் இல்லை. ஏசி ஒன்றுதான் கதி.

ஒரு அறையும் அதன் கணக்கும்

கற்பிட்டிப் பக்கம் நான் பராமரிக்கும் அறை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.7 மீற்றர் உயரம். மேற்குச் சுவர் கடலைப் பார்த்திருக்கிறது. கூரை அஸ்பெஸ்ரஸ், அதற்குக் கீழே மெல்லிய சீலிங். உள்ளே இரண்டு சேர்வர், ஒரு சேமிப்புப் பெட்டி, நெற்வேர்க் சுவிற்ச், ரவுட்டர், கமரா பதிவுக் கருவி. இவை எல்லாவற்றுக்கும் 5 கேவிஏ யூபிஎஸ் ஒன்று.

சாதனங்களின் பெயர்த்தகட்டில் உள்ள வாற்றுகளைக் கூட்டினால் 4 கிலோவாற்றைத் தாண்டுகிறது. அது தவறான கணக்கு. ஒவ்வொரு சேர்வரிலும் இரண்டு மின்வழங்கிகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது தாங்குவதற்காக. இரண்டும் ஒரே நேரத்தில் முழுச்சுமையை இழுப்பதில்லை. அத்தோடு தகட்டில் இருப்பது உச்ச அளவு. யூபிஎஸ்ஸின் திரையிலேயே உண்மைச் சுமை தெரியும். அலுவலக வேலை உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விஏ என்றும் வாற்று என்றும் இரண்டு எண்கள் வரும். சூட்டுக்கு வேண்டியது வாற்று. இந்த அறையில் அது 1,800.

அடுத்து யூபிஎஸ்ஸின் சொந்தச் சூடு. முக்கியமான சேர்வர்களுக்குப் பொருத்தும் யூபிஎஸ், வரும் மாறுமின்னை நேர்மின்னாக்கி, மறுபடி மாறுமின்னாக்கித் தருகிறது. இந்த இரட்டை மாற்றம் இரவும் பகலும் நடப்பதால் இழப்பும் நிற்காமல் நடக்கிறது. இழப்பில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டே இருப்பது. யூபிஎஸ்ஸின் முழுத்திறனில் ஏறத்தாழ 4 சதவீதம். மற்றது, சுமையோடு கூடிக் குறைவது. சுமையில் ஏறத்தாழ 5 சதவீதம். தொழிலில் நாங்கள் பயன்படுத்தும் தோராயம் இது. உற்பத்தியாளர் அட்டவணை கையில் இருந்தால் அதையே எடுங்கள். 5 கேவிஏயை 5,000 வாற்றாக எடுத்தால் நிலையான இழப்பு 200 வாற்று. 1,800இல் 5 சதவீதம் 90 வாற்று. மொத்தம் 290.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "எதிர்காலத்துக்கும் சேர்த்து" என்று சொல்லி 10 கேவிஏ யூபிஎஸ் வாங்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. உதவி நிறுவனங்களின் நிதியில் வரும் கருவிகளில் இதை அதிகம் காண்கிறேன். அதே 1,800 வாற்றுச் சுமைக்கு 10 கேவிஏ போட்டால் நிலையான இழப்பு 400, சுமை இழப்பு 90, மொத்தம் 490 வாற்று. ஒரு வேலையும் செய்யாத 200 வாற்று கூடுதலாக எரிகிறது. வருடத்துக்கு 1,752 அலகு. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி இழுப்பதில் மூன்றிலொரு பங்கைச் சேர்த்தால் 2,300 அலகை நெருங்கும். பணம் கொடுத்து அடுப்பு வாங்கி, அதை அணைக்க மறுபடி பணம் கொடுக்கும் கதை.

அடுத்தது வெயில். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் பகுதி சிறியதாக இருக்கும். அவர்களுடைய சேர்வர் அறைகள் பெரும்பாலும் பெரிய கட்டடத்தின் நடுவில் இருப்பவை. எங்கள் அறைகளின் சுவரிலும் கூரையிலும் சூரியன் நேரே விழுகிறது. பூசிய சீமெந்துக்கல் சுவரின் ஒரு சதுர மீற்றர், ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 2.5 வாற்றைக் கடத்தும். மேற்குச் சுவர் 10.8 சதுர மீற்றர். பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் பட்ட அதன் வெளிப்புறத்துக்கும் குளிர்ந்த உட்புறத்துக்கும் 17 பாகை வித்தியாசம் என்று வைத்தால் 460 வாற்று. 12 சதுர மீற்றர் கூரைக்கு 20 பாகை வைத்தால் 600. இரண்டும் சேர்ந்து 1,060 வாற்று. அறைக்குள் இன்னும் இரண்டு சேர்வர் வைத்தது போல.

விளக்குகளுக்கு 40, உள்ளே போய்வரும் ஒருவருக்கு 100. ஆக 1,800, 290, 1,060, 40, 100. கூட்டினால் 3,290 வாற்று.

ஏசிக் கடையில் வாற்று பேச மாட்டார்கள், பி.ரி.யூ பேசுவார்கள். ஒரு வாற்று என்பது மணிக்கு 3.412 பி.ரி.யூ. ஆகவே 11,225. கடற்கரைக் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதிலும் ஏசியின் உழைப்பு ஒரு பகுதி போகும். அது பழசாகும்போது திறனும் குறையும். இரண்டுக்குமாக 30 சதவீதம் கூட்டினால் 14,600. சந்தையில் அதற்கு மேல் கிடைக்கும் அளவு 18,000. இதே அறைக்கு நீள அகலத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் 9,000 போதும் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் அது ஒருவர் படுத்துத் தூங்கும் அறை.

'ஒரு தொன் ஏசி' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. 2,000 இறாத்தல் ஐஸ், அதாவது ஏறத்தாழ 907 கிலோ, 24 மணி நேரத்தில் கரையும்போது உறிஞ்சும் சூடுதான் ஒரு தொன். அது மணிக்கு 12,000 பி.ரி.யூ. மீனுக்கு ஐஸ் போடும் எங்கள் ஆட்களுக்கு இதைவிடத் தெளிவான அளவு கிடையாது. மேலே சொன்ன அறை எல்லா நேரமும் பிற்பகலைப் போலவே கொதித்தால், ஒரு நாளைக்கு 850 கிலோ ஐஸைக் கரைக்கும்.

மின்சாரம் நின்ற பிறகு

இதுவரை சொன்னது மின்சாரம் இருக்கும்போது நடப்பது. பெப்ரவரி அழைப்புகளுக்கான விளக்கம் இனித்தான்.

யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். பற்றரி என்றாலே எமக்கு ஒரு நிம்மதி. கூடப் பற்றரி, கூடப் பாதுகாப்பு என்று மனம் சொல்கிறது. 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022 மார்ச் இறுதிக்குப் பிறகு, யூபிஎஸ்ஸுக்கு வெளிப் பற்றரிகளைச் சேர்த்து நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று நீட்டிக்கொண்டவர்கள் பலர். ஆனால் யூபிஎஸ் சேர்வரைத்தான் தாங்குகிறது. ஏசி அதில் இல்லை. இருக்கவும் முடியாது, அதன் தொடக்க மின்னோட்டமே சிறிய யூபிஎஸ்ஸைத் தடுக்கிவிடும். ஆகவே மின்வெட்டு தொடங்கிய நொடியிலிருந்து அடுப்பு எரிகிறது, குளிர் நின்றுவிட்டது.

அந்த அறையின் காற்று 32 கனமீற்றர். அதை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 39 கிலோயூல் போதும். சேர்வரும் யூபிஎஸ்ஸும் சேர்ந்து விடுவது 2 கிலோவாற்று, அதாவது நொடிக்கு 2 கிலோயூல். காற்று மட்டும் என்றால் 20 நொடிக்கு ஒரு பாகை ஏறும். சுவரும் தளமும் இரும்புப் பெட்டிகளும் ஒரு பங்கை விழுங்குவதால் வேகம் தணியும். ஆனால் ஏற்றம் நிற்காது. எதுவரை ஏறும் என்பதையும் சொல்லிவிடலாம். சுவரும் கூரையும் 50 சதுர மீற்றர், ஒரு பாகைக்கு 125 வாற்றை வெளியே விடும். 2,000 வாற்றும் வெளியேற வேண்டுமானால் உள்ளே, வெளியைவிட 16 பாகை கூடியிருக்க வேண்டும். வெளியே 31 என்றால் உள்ளே 47 பாகை செல்சியஸ். வெயிலை இன்னும் சேர்க்கவில்லை.

அமெரிக்கக் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான அஷ்ரே, சேர்வருக்குள் நுழையும் காற்றுக்குப் பரிந்துரைப்பது 18 முதல் 27 பாகை. சாதாரண சேர்வர்கள் 35 வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. ஆகவே நான்கு மணி நேரப் பற்றரி வாங்கினாலும் அறை அதில் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்த விடும். மிச்சப் பற்றரி, சூட்டைக் கூட்டத்தான் உதவும்.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியபோது, லண்டனின் கைஸ், சென்ற் தோமஸ் மருத்துவமனைகளின் தரவு மையங்கள் இரண்டும் சூட்டில் வீழ்ந்தன. மருத்துவர்கள் கணினியை விட்டுக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். சில சேவைகள் சரியாக வாரக்கணக்கு எடுத்தது. எம்மவர்கள் பலர் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனைகள் அவை.

சூட்டால் முதலில் சாவது பற்றரிதான், ஆனால் சத்தமில்லாமல். மூடிய ஈயப் பற்றரிகளுக்கு எழுதப்பட்ட ஆயுள் 25 பாகைக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். ஐந்து வருடம் என்று வாங்கியது 35 பாகை அறையில் இரண்டரை வருடம். அத்துடன், மின்சாரம் திரும்பியதும் வெறுமையான பற்றரி பெரும் மின்னோட்டத்தை இழுத்து நிரம்பும்; அதில் ஆறில் ஒரு பங்காவது சூடாக வரும். ஏற்கெனவே கொதித்த அறைக்கு அது இரண்டாவது அடி. இந்த வேளையில்தான் ஏசி வேலை செய்ய வேண்டும். பல ஸ்பிளிற் ஏசிகள் மின்சாரம் வந்தாலும் தானாக இயங்காது. றிமோற்றை யாராவது அழுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யார் இருப்பார்? சேர்வர் இயங்குகிறது, பற்றரி நிரம்புகிறது, ஏசி திங்கள் காலை எட்டரை வரை தூங்குகிறது. நான் பார்த்த சேதங்களில் மோசமானவை மின்வெட்டின்போது அல்ல, மின்சாரம் வந்த பிறகே நடந்தவை. ஏசி வாங்கும்போது மின்சாரம் திரும்பினால் தானாகத் தொடங்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். மாதிரி விசை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

செய்யக்கூடியவை

மின்வெட்டில் எல்லாவற்றையும் தாங்க முயல வேண்டாம். யூபிஎஸ்ஸோடு ஒரு சிறிய தரவு வயர் வரும். அதைச் சேர்வரில் பொருத்தி மென்பொருளை நிறுவினால், பத்து நிமிடத்தில் முக்கியமல்லாதவை ஒழுங்காக அணையும்படி செய்யலாம். அந்த வயர் பிளாஸ்ரிக் உறை பிரிக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ரவுட்டர், சுவிற்ச், ஒரு சிறு சேமிப்பு என்று 300 வாற்றுக்கு இறக்கினால், யூபிஎஸ் இழப்போடு சேர்த்து 500 வாற்று. அறை வெளியைவிட 4 பாகைதான் ஏறும். பற்றரியும் ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் வரும். புதிதாக ஒரு சதமும் செலவில்லை.

முழுச்சுமையும் ஓடியே ஆக வேண்டுமென்றால் காற்று வேண்டும். 2,000 வாற்றை, வெளியைவிட 8 பாகை மட்டும் கூடிய காற்றாக வெளியேற்ற, மணிக்கு ஏறத்தாழ 750 கனமீற்றர் காற்று போக வேண்டும். 12 அங்குல எக்ஸோஸ்ற் மின்விசிறி ஒன்று இதைத் தாராளமாகச் செய்யும். அதை யூபிஎஸ்ஸில் கொடுக்கலாம். காற்று உள்ளே வர, கதவின் கீழே வலையிட்ட திறப்பு வேண்டும். 31 பாகை நாளில் உள்ளே 39 இருக்கும். நல்ல நிலை அல்ல, 47ஐவிட மேல். மின்சாரம் உள்ள நேரத்தில் இரண்டு திறப்பையும் மூடியே வையுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் இங்கே காற்றோடு வருவது உப்பும் மணலும்.

அதே சோளகம் ஏசியின் வெளிப்பெட்டியையும் தின்கிறது. கடலைப் பார்த்த சுவரில் மாட்டிய பெட்டியின் அலுமினியத் தகடுகள் இரண்டு மூன்று பருவத்தில் மாவாக உதிர்வதைக் காணலாம். தகடு போனால் 18,000 என்று எழுதிய ஏசி அதைத் தராது. உள்ளே குளிர்காற்று வருவதுபோலத் தோன்றுவதால் யாரும் கவனிப்பதில்லை. பெட்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை கழுவுங்கள், ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரால் அல்ல. மழைநீர்த் தாங்கி இருந்தால் அதிலிருந்து எடுங்கள்.

வெயிலுக்கு ஏசியைப் பெரிதாக்குவதைவிட மேற்குச் சுவருக்கு வெளியே கிடுகு வேலி ஒன்று அடைப்பது மலிவு. கூரைக்கு வெள்ளைப் பூச்சு, சீலிங்குக்கு மேல் வெப்பத்தடுப்பு. 1,060 வாற்றில் பாதியாவது குறையும் என்பது என் கணிப்பு.

பற்றரிகளைக் காற்றோட்டமுள்ள வேறு அறையில் வைக்க முடிந்தால் வையுங்கள். அவை நிரம்பும்போது சிறிதளவு ஐதரசன் வெளிவரலாம்; மூடிய அலுமாரி கூடாது. தென்கொரியாவின் தெஜோன் நகர அரச தரவு மையத்தில் 2025 செப்டெம்பர் 26 அன்று பிடித்த தீ, யூபிஎஸ்ஸின் லிதியம் பற்றரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தொடங்கியது. 600க்கும் மேற்பட்ட அரச கணினிச் சேவைகள் நின்றன. அரச ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பகம் ஒன்றுக்கு வேறிடத்தில் பிரதி இல்லை; அது அப்படியே போயிற்று. உறுதிகளை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் இன்னொரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். வன்தட்டு ஒன்றின் விலைதான் அதற்குச் செலவு.

கடைசியாக ஒரு பரிசோதனை. ஏப்ரலில் ஒரு வெயில் நாள், பிற்பகல் இரண்டு மணி. கோப்புகளின் பிரதியை எடுத்து முடித்துவிட்டு, அறையின் பிரதான விசையை அணையுங்கள். சேர்வரின் முன்பக்கம் ஒரு வெப்பமானியை வையுங்கள், பின்பக்கம் வேண்டாம். 24இல் தொடங்கி 35ஐத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். தொட்டதும் விசையைப் போடுங்கள். ஏசி தானாகத் தொடங்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்த நிமிடக் கணக்கை ஒரு தாளில் பெரிதாக எழுதி, யூபிஎஸ்ஸின் மேல் ஒட்டிவிடுங்கள்.